அவர் அப்படித்தான் சொன்னாரா? ஒரு திகில் எழுத்தாளரும் நண்பர்களின் நினைவும்

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்டைப் பற்றி எங்கேயாவது நாலு வரி படித்தவர்களுக்கு இந்தச் செய்தி பழக்கமாக இருக்கும். தன் கதைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரிந்தாலும், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே புராணம்தான் ஓடுகிறது என்று அவர் சொன்னாராம். மனிதர்களுக்கு முன்னால் இந்த உலகத்தில் வேறொரு இனம் குடியிருந்தது. சூனிய வித்தையில் இறங்கியதால் பிடியை இழந்து துரத்தப்பட்டது. இன்னும் வெளியே காத்துக்கொண்டிருக்கிறது, என்றைக்காவது வந்து உலகத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். லவ்கிராஃப்டின் சொந்த வாக்காகவே இது பல பத்தாண்டுகள் அச்சில் சுற்றியது. ஆனால் அவர் கைப்பட எழுதியதாக இன்றைக்கு நம்மிடம் இருக்கும் கடிதம் எதிலும் இந்த வரிகள் இல்லை.

வேலூரில் நாங்கள் சில பேர் சேர்ந்து மாதாமாதம் கதை படிக்கிறோம். லவ்கிராஃப்டை எடுத்துக்கொண்டபோது புதிதாக வந்த ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள்: “கூடப் பழகினவங்களே சொன்னதை நம்பலன்னா, அப்புறம் யார் சொல்றதை நம்பறது?” நியாயமான கேள்வி. நினைவு எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மனநூல், அதாவது உளவியல், படித்திராதவர்களுக்கும் புரிகிற மாதிரி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. லவ்கிராஃப்ட் 1890 ஆகஸ்ட் 20 அன்று ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரத்தில் பிறந்தார். அதே ஊரில் 1937 மார்ச் 15 அன்று குடல் புற்றுநோயால் இறந்தார். வயது 46. மலிவுத் தாளில் அச்சான கதைப் பத்திரிகைகளில் எழுதினார். உயிரோடு இருந்தவரை அவருக்குக் கதைத்தொகுப்பு என்று உருப்படியாக ஒன்றுகூட வரவில்லை. அவர் எழுதிக் குவித்தது கடிதங்களைத்தான். ஒரு லட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிட்டவர்களும் உண்டு. அவர் போன பிறகு ஆகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வாண்ட்ரி என்ற இரண்டு நண்பர்கள் 1939இல் ஒரு பதிப்பகமே தொடங்கி அவர் கதைகளைப் புத்தகமாக்கினார்கள். அந்த நண்பர்கள் இல்லையென்றால் நமக்கு லவ்கிராஃப்ட் கிடைத்திருக்க மாட்டார் என்றே சொல்லலாம். அதனாலேயே அவர்கள் நினைவில் எது தங்கியது, எது மாறியது என்பது முக்கியமாகிறது.

சூனிய வாக்கின் கதை இதுதான். ஹரால்ட் ஃபார்னீஸ் என்ற இசையமைப்பாளர் லாஸ் ஏஞ்சலஸில் இருந்தார். லவ்கிராஃப்டின் சில கவிதைகளுக்கு இசையமைக்க விரும்பி 1932 வாக்கில் அவருக்கு எழுதினார், அவரும் பதில் போட்டார். 1937இல் லவ்கிராஃப்ட் இறந்ததும் டெர்லெத் எல்லோரிடமிருந்தும் கடிதங்களையும் தகவல்களையும் திரட்டினார். அப்போது ஃபார்னீஸ் எழுதிய பதிலில், லவ்கிராஃப்ட் தன்னிடம் சொன்னதாக இந்த வரிகள் இருந்தன. டெர்லெத் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டார். கட்டுரைகளில் மேற்கோள் காட்டினார். நல்ல தெய்வங்களும் கெட்ட சக்திகளும் மோதுவதாகத் தானே கதைகளும் எழுதினார். படிப்பவர்களும் லவ்கிராஃப்டை அந்தக் கண்ணாடி வழியாகவே பார்த்தார்கள்.

1980களில் டேவிட் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் இதன் வேரைத் தேடிப்போனார். லவ்கிராஃப்ட் ஃபார்னீஸுக்கு எழுதிய கடிதங்களில் அந்த வரிகள் இல்லை. ஃபார்னீஸ் கடிதத்தைப் பார்த்து எழுதவில்லை, நினைவிலிருந்து எழுதினார் என்ற முடிவுக்கு ஷுல்ட்ஸ் வந்தார். இத்தனைக்கும் லவ்கிராஃப்ட் 1927இல் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதம் கையில் இருக்கிறது. அதில் அவர் சொல்வது நேர் எதிர். பரந்த பிரபஞ்சத்தில் மனிதர்களின் சட்டங்களுக்கும் ஆசைகளுக்கும் உணர்ச்சிகளுக்கும் எந்த மதிப்பும் இல்லை என்பதுதான் தன் கதைகளின் அடிப்படை என்கிறார். அதில் துரத்தப்பட்ட இனமும் இல்லை, துரத்தியவர்களும் இல்லை. நல்லது கெட்டது என்ற கணக்கே அங்கே செல்லாது.

ஃபார்னீஸ் பொய் சொன்னாரா? அப்படி நினைக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. நண்பர் ஏதோ பெரிய விஷயம் எழுதியிருந்தார், அது வித்தியாசமாகவும் புரிபடாமலும் இருந்தது. சில வருடம் கழித்து நினைத்துப் பார்த்தபோது, பைபிளில் சாத்தான் சொர்க்கத்திலிருந்து விழுந்த கதையின் அச்சில் அது போய் உட்கார்ந்துகொண்டது. டெர்லெத் கத்தோலிக்கர், அவருக்கும் அந்த அச்சு பழகினது. நம் ஊர்க்காரர் ஒருவர் அதே கடிதத்தை நினைவிலிருந்து எழுதியிருந்தால், தேவர்கள் அசுரர்களைப் பாதாளத்துக்குத் துரத்திய கதையாக வந்திருக்கும்.

இந்த இடத்தில் ஃபிரெடரிக் பார்ட்லெட்டைச் சொல்லாமல் நகர முடியாது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த மனநூல் அறிஞர். நினைவைப் பற்றி அவர் எழுதிய முக்கியமான புத்தகம் 1932இல் வந்தது, ஃபார்னீஸ் லவ்கிராஃப்டுக்கு எழுதிக்கொண்டிருந்த அதே காலம். அவர் சோதனைக்கு எடுத்துக்கொண்டதும் ஒரு பேய்க்கதைதான். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் ‘பேய்களின் போர்’ என்ற கதை.

இரண்டு இளைஞர்கள் கடல்நாய் வேட்டைக்காக ஆற்றுக்குப் போகிறார்கள். மூடுபனி. போர்க்கூச்சல் கேட்கிறது. ஒரு ஓடம் வருகிறது, அதில் இருப்பவர்கள் சண்டைக்குக் கூப்பிடுகிறார்கள். ஒருவன் மறுத்துவிடுகிறான், இன்னொருவன் போகிறான். சண்டை நடுவில், இவனுக்கு அடிபட்டுவிட்டது, திரும்பலாம் என்று யாரோ சொல்வது காதில் விழுகிறது. அப்போதுதான் இவர்கள் பேய்கள் என்று அவனுக்குத் தோன்றுகிறது. வலி ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்கிறான். பொழுது விடிகிறது. அவன் வாயிலிருந்து கறுப்பாக ஏதோ வெளியே வருகிறது, செத்துப்போகிறான்.

இதைப் படிக்கக் கொடுத்துவிட்டு, சிறிது நேரம் கழித்தும் நாட்கள், மாதங்கள் கழித்தும் திரும்ப எழுதச் சொன்னார் பார்ட்லெட். வந்த கதைகள் சிறுத்துப்போயிருந்தன. அதைவிட முக்கியமானது, அவை ‘சரியாகி’ இருந்தன. ஓடம் சாதாரணப் படகானது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது. பலருடைய கதையில் பேய்களே காணாமல் போயின. வாயிலிருந்து வந்த கறுப்புப் பொருள் சிலருக்கு நுரையாகிவிட்டது, ஏனென்றால் சாகிறவன் வாயில் நுரை தள்ளுவது தெரிந்த விஷயம். எழுதியவர்கள் யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. தங்களுக்குப் பழகின உலகத்துக்கு ஏற்ற மாதிரி கதை தானாக வளைந்துகொடுத்தது. எழுதியவர்களுக்கு அது வளைந்ததே தெரியவில்லை.

பார்ட்லெட் இதிலிருந்து சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் மையக் கருத்து. நடந்த சம்பவம் முழுசாகத் தலைக்குள் எங்கோ பத்திரமாகக் கிடக்க, நாம் போய் எடுத்து வருவது நினைவு அல்ல. ஒவ்வொரு முறையும் அது புதிதாகக் கட்டப்படுகிறது. வாசலில் தினமும் போடும் கோலத்தைப் பாருங்கள். நேற்றுப் போட்டது காலடியில் அழிந்துபோயிருக்கும். இன்றைக்குப் போடுகிறவர் அதே கோலம்தான் போடுகிறேன் என்பார், புள்ளிக் கணக்கும் சரியாகத்தான் இருக்கும், ஆனால் வளைவுகள் அன்றன்றைய கைக்கு ஏற்பக் கொஞ்சம் மாறியிருக்கும். நினைவில் அந்தப் புள்ளிகள் உண்மையிலேயே நடந்ததிலிருந்து வருகின்றன. கோடுகளை இழுப்பது நம்முடைய பழக்கம், நம்பிக்கை, இன்றைய மனநிலை, கேட்பவரின் ஆர்வம் எல்லாம் சேர்ந்துதான்.

எலிகளை வைத்து 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதை மூளைக்குள்ளேயே போய்ப் பார்த்தது. ஏற்கெனவே உறுதியாகப் பதிந்த பய நினைவைத் திரும்பத் தூண்டியபோது அது மறுபடி இளகியது. அந்த வேளையில் புரதம் உண்டாவதைத் தடுத்தால் நினைவு பலவீனப்பட்டது. எலியிலிருந்து மனிதருக்கு அப்படியே தாவக் கூடாது. ஆனால் ஒரு சம்பவத்தை நினைத்துப் பார்க்கிற வேளையே அது மாறக்கூடிய வேளையும்தான் என்ற எண்ணத்துக்கு இது வலு சேர்த்தது.

இனி நம்ம ஊர் விஷயம் ஒன்று. குடியாத்தத்தில் ஒரு பேய்க்கதை எழுத்தாளர் இருந்தார், எங்கள் மாமாவின் சிநேகிதர். லுங்கி நெசவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை. பாக்கெட் நாவல்கள் சக்கைப்போடு போட்ட காலத்தில் எழுதியவர். பெயர் பெரிதாக வெளியே தெரியவில்லை, நானும் இங்கே சொல்லவில்லை. கோட்டை அகழியில் நள்ளிரவில் கொலுசுச் சத்தம் கேட்கும் கதை ஒன்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த வயதில் வேலூர்க் கோட்டைப் பக்கம் இருட்டின பிறகு போக எனக்கு மனசு வராது. அவர் இறந்து பல வருடம் ஆகிறது. அவருடைய பள்ளிக்கால நண்பர்கள் இருவர் எங்கள் கூட்டத்துக்கு வந்து அவரைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் கொசப்பேட்டையில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர். இன்னொருவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றுக் காட்பாடியில் வசிப்பவர்.

அகழிக் கதையை எங்கே எழுதினார் என்று கேட்டோம்.

ஆசிரியர் சொன்னார்: “கோட்டையிலதான். அகழி ஓரமா உக்காந்து, ராத்திரி நேரம். நான் பக்கத்துலயே இருந்தேன். தண்ணியில நிலா தெரிஞ்சது.”

ரயில்வேக்காரர் குறுக்கே பாய்ந்தார். “டேய், நீ எங்கடா அங்க இருந்த? காட்பாடி ஜங்ஷன்ல எழுதினாண்டா. வண்டி லேட்டு. நான் டியூட்டி முடிச்சு வரேன், பெஞ்சுல உக்காந்து எழுதிட்டு இருக்கான். டீ வாங்கிக் குடுத்ததே நான்தான்.”

“நீ இன்னாடா சொல்ற? எனக்கு நேத்து நடந்த மாதிரி இருக்குது.”

இரண்டு பேருக்கும் துளி சந்தேகம் இல்லை. மாமா வீட்டு டிரங்குப் பெட்டியில் அந்த எழுத்தாளர் அனுப்பிய இன்லண்ட் லெட்டர் ஒன்று இருந்தது. அதை எடுத்து வந்து படித்தோம். தங்கை கல்யாணத்துக்கு வீடெல்லாம் ஆள் நிறைந்துவிட்டது, உட்கார இடமில்லை, சங்கத்துக் குடோனில் லுங்கிக் கட்டுகளுக்கு நடுவே மத்தியானச் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து அகழிக் கதையை எழுதி முடித்துவிட்டேன், தறிச்சத்தம் கேட்காவிட்டால் இப்போதெல்லாம் எழுத வருவதில்லை என்று எழுதியிருந்தார். எழுதிய கையெழுத்து அவருடையதுதான் என்பதில் இரண்டு நண்பர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ரயில்வேக்காரர் கடிதத்தைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “எழுத்து அவன்துதான். ஆனா ஜங்ஷன்ல அவன் எழுதினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதே” என்றார்.

என்ன நடந்திருக்கும் என்று பேசிப் பார்த்தோம். அவர் எப்போதோ ஜங்ஷன் பெஞ்சில் உட்கார்ந்து எதையோ எழுதியிருப்பார், டீயும் உண்மையாகவே வாங்கிக் கொடுக்கப்பட்டிருக்கும். பின்னால் அந்தக் கதை நண்பர்கள் நடுவே பேரெடுத்ததும், ‘எதையோ’ என்பது ‘அந்தக் கதையை’ என்று ஆகியிருக்கலாம். ஆசிரியர் விஷயம் இன்னும் சுவாரசியம். அகழியும் நிலாவும் கதைக்குள்ளேயே இருக்கின்றன. படித்த காட்சி பார்த்த காட்சியாக மாறியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. திகில் எழுத்தாளர்களின் நண்பர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பது என் எண்ணம். மனசில் ஒட்டிக்கொள்ளும் படங்களை வரைவதுதானே அந்த எழுத்தாளர்களின் தொழில்.

ரயில்வேக்காரர் கடிதத்தைப் பார்த்த பிறகும் மாறவில்லை என்பதைப் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர், நிக்கோல் ஹார்ஷ் இருவரும் மாணவர்களிடம், செய்தியை எங்கே, யாரிடமிருந்து, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். சுமார் இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரை அதே கேள்விகளைக் கேட்டார்கள். முழுக்கச் சரியாகச் சொன்னவர்கள் 3 பேர். முக்கியமான எந்த விவரமும் பொருந்தாதவர்கள் 11 பேர். தப்பாகச் சொன்னவர்களில் பலரும் உறுதியாகவே சொன்னார்கள். சொந்தக் கையெழுத்தில் இருந்த பழைய தாளைக் காட்டியும் பழைய நினைவு திரும்பி வரவில்லை.

இந்த ஆய்வு எனக்கு மிகவும் முக்கியம், ஏனென்றால் ‘நேற்று நடந்த மாதிரி இருக்கிறது’ என்ற பேச்சுக்கு நம்மிடையே இருக்கும் மரியாதை பெரியது. தெளிவாகத் தெரிகிறது என்பதும், உறுதியாகச் சொல்கிறார் என்பதும், கண்கலங்கச் சொல்கிறார் என்பதும் விவரம் சரி என்பதற்குச் சான்று ஆகாது. உணர்ச்சி உண்மையாக இருக்கும், இடமும் தேதியும் பிசகியிருக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்க முடியும்.

கேட்கிற விதமும் நினைவை மாற்றும். எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குழுவிடம் கார்கள் ‘இடித்தபோது’ என்ன வேகம் என்றும், இன்னொரு குழுவிடம் ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேள்வி. படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. முதல் குழுவின் 50 பேரில் 7 பேரும், இரண்டாவது குழுவின் 50 பேரில் 16 பேரும் பார்த்தோம் என்றார்கள். ஒரே ஒரு வினைச்சொல் செய்த வேலை இது. அப்படியிருக்க, செத்துப்போன திகில் எழுத்தாளரின் சிநேகிதரிடம் போய், “அவர் ராத்திரியிலதானே எழுதுவார்? தனியாவே இருப்பாராமே?” என்று ஆரம்பித்தால் என்ன பதில் வரும்?

லவ்கிராஃப்டுக்கு இப்படித்தான் ஒரு படம் தயாரானது. வெளுத்த முகம், இருட்டு அறை, யாரோடும் ஒட்டாத தனியாள். இளமையில் சில வருடங்கள் அவர் வீட்டுக்குள் அடைந்து கிடந்தது உண்மை. ஆனால் அதற்குப் பிந்திய கடிதங்கள் வேறு ஆளைக் காட்டுகின்றன. 1931இல் ஃபுளோரிடாவின் தென்முனையில் உள்ள கீ வெஸ்ட் வரை போயிருக்கிறார். 1932இல் நியூ ஆர்லியன்ஸ். கனடாவின் கியூபெக்கை ரசித்து ரசித்துச் சுற்றியிருக்கிறார். கையில் காசில்லாமல் பஸ்ஸிலேயே ஊர் ஊராகப் போனவர். பூனைகள் என்றால் உயிர், ஐஸ்கிரீம் என்றால் கொள்ளை ஆசை. இதெல்லாம் நண்பர்களுக்கும் தெரியும், சிலர் ஆசையாக எழுதியும் இருக்கிறார்கள். ஆனாலும் திகில் எழுத்தாளர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வாசகர் மனசில் ஏற்கெனவே ஒரு அச்சு இருக்கிறது. அதற்குப் பொருந்தும் நினைவு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பொருந்தாதது மெதுவாகக் கழன்று விழுகிறது, பார்ட்லெட்டின் மாணவர்கள் கதையிலிருந்து பேய்கள் கழன்று விழுந்த மாதிரியே.

அவருடைய ‘நண்பர்கள்’ என்று நாம் சொல்பவர்களில் பலர் அவரைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. டெர்லெத் பார்த்ததில்லை. கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் பார்த்ததில்லை. பதினாறு வயதில் அவருக்கு எழுதத் தொடங்கிய ராபர்ட் பிளாக்கும் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்தது கடிதத்தில் பேசிய மனிதர். அந்த மனிதரோ, முப்பது வயதிலேயே தன்னைத் தாத்தா என்று அழைத்துக்கொண்டு, பதினெட்டாம் நூற்றாண்டுப் பெரியவர் பாணியில் எழுதிப் பார்ப்பவர். ஆகவே கடிதம் என்றாலே சத்தியம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குடியாத்தத்துக்காரர்கூடத் தறிச்சத்தத்தைக் கொஞ்சம் அலங்காரத்துக்காகச் சேர்த்திருக்கலாம். கடிதத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எழுதிய நாளோடு அது உறைந்துவிடுகிறது, பின்னால் வந்த புகழும் துக்கமும் அதற்குள் நுழைய முடியாது.

நேரில் பழகியவர்களிலும் காலத் தொலைவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. மனைவி சோனியா கிரீன் 1924இல் அவரை மணந்தார், இரண்டு வருடத்தில் லவ்கிராஃப்ட் பிராவிடன்ஸுக்குத் திரும்பிவிட்டார். சோனியாவின் நினைவுகள் 1948இல் பத்திரிகையில் வந்தன. தன்னிடமிருந்த லவ்கிராஃப்டின் கடிதங்களை அவர் எரித்துவிட்டார், அதனால் அந்த மணவாழ்க்கையின் பல பகுதிகளில் ஒப்பிட்டுப் பார்க்கக் காகிதமே கிடையாது. நியூயார்க் நண்பர் ஃபிராங்க் பெல்க்நாப் லாங்கின் நினைவு நூல் 1975இல் வந்தது. லவ்கிராஃப்ட் இறந்து 38 வருடம் ஆகியிருந்தது, லாங்குக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் அவர் அதே சம்பவங்களை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார், மற்ற நண்பர்கள் எழுதியதை எவ்வளவு படித்திருப்பார்!

அங்கேதான் இன்னொரு சிக்கல் வருகிறது. ஒரு விஷயம் நினைவில் நிற்கும், அது எந்த வழியாக வந்தது என்பது மறந்துவிடும். பார்த்ததா, படித்ததா, அடுத்தவர் சொல்லிக் கேட்டதா? வேலூர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகப் புரியவைக்கலாம். கோட்டைக் கோயிலில் பல காலம் மூலவர் இல்லை. சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரர் லிங்கம் 1981இல்தான் திரும்பக் கோயிலுக்கு வந்தது. அந்த நாளைப் பற்றி இங்கே பேசாத குடும்பம் குறைவு. கேட்டுக் கேட்டே வளர்ந்ததில், அப்போது பிறந்திராத பிள்ளைகளுக்குக்கூடக் கூட்டமும் கற்பூரமும் கண்முன்னே நிற்கும். நான் பார்த்தேன் என்று அவர்கள் சொல்லவில்லை என்றால், பிறந்த வருடம் தெரியும் என்பதால்தான். அந்தக் கணக்கு இல்லாத விஷயங்களில் எது நமது, எது கேட்டது என்று பிரிப்பது எவ்வளவு கஷ்டம்! நண்பர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் இது வேகமாக நடக்கிறது. ஒருவர் சொன்ன விவரம் அடுத்த கூட்டத்தில் இன்னொருவரின் சொந்த அனுபவமாக வெளியே வரும்.

இவ்வளவும் சொன்னதால் நண்பர்களின் நினைவைத் தூக்கிப் போட வேண்டும் என்று ஆகிவிடாது. கடிதத்தில் வராதது எத்தனையோ இருக்கிறது. குரல் எப்படி இருக்கும், சிரிப்பு எப்படி, யாரிடம் எரிச்சல்பட்டார், காசில்லாத நாளில் என்ன செய்தார். அடிக்கடி நடந்த விஷயங்களை நினைவு ஓரளவு நன்றாகவே பிடித்துவைக்கிறது. ஒரே ஒரு முறை நடந்ததன் தேதி, இடம், சொன்ன வார்த்தை இவற்றில்தான் தடுமாறுகிறது. லவ்கிராஃப்டை அன்பானவர், பண்பானவர் என்று நண்பர்கள் பலர் எழுதியதை நான் நம்புகிறேன். அதே லவ்கிராஃப்டின் கடிதங்களில் வேற்று இனத்தவர் மீது கக்கும் வெறுப்பு பக்கம் பக்கமாக இருக்கிறது, அதையும் நம்பத்தான் வேண்டும். இறந்தவரை நேசித்தவர்களின் நினைவு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்து படித்தால், இரண்டையும் ஒரே மனிதரிடம் பார்க்க முடிகிறது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு எழுத்தாளர் இருந்து, அவரோடு பழகியவர்கள் இன்னும் இருந்தால், அவர்களை முதலில் தனித்தனியாகப் பாருங்கள். சேர்த்து உட்கார வைப்பது அப்புறம். கேள்வியில் பதிலை வைக்காதீர்கள். “அவரைப் பத்திச் சொல்லுங்கய்யா” என்று விட்டுவிட்டு அமைதியாக இருந்தாலே நிறைய வரும். ஒவ்வொரு விஷயத்துக்கும் நேரில் பார்த்தாரா, அவர் வாயால் கேட்டாரா, வேறொருவர் சொன்னாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொன்ன தேதியையும் எழுதிவையுங்கள், அடுத்த வருடம் அதே ஆள் வேறு மாதிரி சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை அழிக்க வேண்டாம்.

காகிதம் கிடைத்தால் அதைப் படிக்கவும் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும். பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது, அதனால் ஆறு கட்டங்கள் அச்சான இன்லண்ட் லெட்டர் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. முகவரியில் ‘வ.ஆ. மாவட்டம்’ என்று இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்த பிறகும் பழக்கத்தில் அப்படியே எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஏராளம். தபால் முத்திரை தெளிவாக இருந்தால் அதுதான் நல்ல சாட்சி. எங்களிடம் இருக்கும் குடியாத்தம் கடிதத்தில் முத்திரையின் வருட எண் மை பரவிக் கிடக்கிறது. அகழிக் கதை அச்சான பாக்கெட் நாவல் கிடைத்தால் அதில் மாதமும் வருடமும் இருக்கும். பழைய புத்தகக் கடைகளில் இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.